முப்பத்தோரு படிகளுக்கு ஒரு கம்பி

மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பால் வண்டி ஓட்டுநர் இரண்டு பொருள்களோடு பல்பினா குவாமானின் வீட்டு வாசலில் இறங்குவார். ஒன்று, பல்பினாவின் காலிப் பால் கேன். இன்னொன்று, பல்பினாவின் மகள் நூபே கையெழுத்துப் போட வேண்டிய வருகைத் தாள்.

அன்றும் அப்படித்தான் வந்தார். பல்பினா அடுப்பில் மோத்தே சோளத்தை வேகவைத்துக்கொண்டிருந்தார். நூபே சக்கர நாற்காலியை மேசைப் பக்கம் உருட்டி வந்து பேனாவைத் திறந்தாள். திங்கள், காலை ஏழு மணிக்கு வந்தேன், மாலை நாலு மணிக்குப் போனேன், கையெழுத்து. செவ்வாய், ஏழு, நாலு, கையெழுத்து. இப்படி இருபத்திரண்டு நாள்.

"பாதியை நீலப் பேனாவுல போடச் சொன்னாரு ரோலாண்டோ சார்," என்றார் ஓட்டுநர் கூச்சத்தோடு. "ஒரே மூச்சுல போட்ட மாதிரி தெரியக் கூடாதாம்."

"நடுவுல ரெண்டு நாள் சளி புடிச்சு லீவு எடுத்துக்கட்டுமான்னு கேளுங்க அண்ணே. இன்னும் நம்புற மாதிரி இருக்கும்."

ஓட்டுநர் சிரித்தார். பல்பினா சிரிக்கவில்லை. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருடி. வேலை செய்யாம யாருக்குச் சம்பளம் வருது? மாதா கண்ணைத் திறந்து குடுத்தது," என்று சொல்லி, ஜன்னல் வழியே தெரிந்த மலைக்கோயிலைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நூபேவுக்கு இருபத்தொன்பது வயது. பத்தொன்பதாம் வயதில், தங்கள் ஊரான பிப்லியானுக்கு வரும் மலைப்பாதையில் மூடுபனியில் கவிழ்ந்த பேருந்திலிருந்து உயிரோடு எடுக்கப்பட்டவர்களில் அவளும் ஒருத்தி. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை. அதற்குப் பிறகுதான் அவள் குவெங்கா நகரத்துக்குப் போய், ஆலை இயந்திரங்களைக் கணினியால் கட்டுப்படுத்தும் படிப்பைப் படித்தாள். வகுப்பில் இரண்டாவதாகத் தேறினாள். லோமா பால் ஆலையிலிருந்து வேலைக்கான கடிதம் வந்த அன்று பல்பினா, வீட்டில் வளர்த்த கூய் என்ற கினிப்பன்றிகளில் நாலை அடித்துச் சுட்டு, தெருவுக்கே விருந்து வைத்தார்.

வேலை மூன்றே நாள்தான் நடந்தது. பாலைச் சூடாக்கிக் குளிர்விக்கும் இயந்திரங்களை நடத்தும் கணினி மாடியில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்தது. அங்கே போக முப்பத்தோரு இரும்புப் படிகள் ஏற வேண்டும். கீழே நூபேவுக்கென்று ஒரு மேசை இல்லை. அதனால் தாழ்வாரத்தில் உட்கார வைத்தார்கள். கழிப்பறைக் கதவில் அவளுடைய நாற்காலி நுழையவில்லை. மூன்று நாளும் அவள் தண்ணீர் குடிக்காமலே இருந்தாள். நாலாம் நாள் பணியாளர் மேலாளர் ரோலாண்டோ இத்ரோவோ அவள் பக்கத்தில் வந்து குனிந்து, மிக அன்பாகச் சொன்னார்.

"எதுக்கும்மா இந்தக் கஷ்டம் உனக்கு? நீ வீட்டுல நிம்மதியா இரு. சம்பளம் மாசக் கடைசியில தானா வந்துடும். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடு, போதும்."

அந்த நாட்டுச் சட்டப்படி இருபத்தைந்து பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களில் நூற்றுக்கு நாலு பேர் மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும். லோமா ஆலைக்கு மூன்று பேர் கணக்கு. மூன்று பெயர்களும் தாளில் இருந்தன. மூன்று ஆள்களும் வீட்டில் இருந்தார்கள். ரோலாண்டோ கெட்ட மனிதர் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அந்த மூன்று வீட்டுக்கும் இனிப்புப் பொட்டலம் அனுப்ப அவர் ஒருபோதும் மறந்ததில்லை. தான் செய்வது ஏமாற்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தருமம் என்றே நினைத்திருந்தார். இப்படியே பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, காலையில் ஏற்றிப் போன பாலோடு வண்டி அப்படியே திரும்பி வந்தது.

"மேல இருக்கிற கம்ப்யூட்டர் எந்திரிக்கலையாம்," என்றார் ஓட்டுநர், பல்பினாவின் முழுக் கேனையும் இறக்கி வைத்துக்கொண்டே. "தொட்டியெல்லாம் ரொம்பிப் போச்சு. இனிமே ஒரு சொட்டு வாங்க இடமில்லை. குவாயாகில்லருந்து ஆள் வரணும், நாலு மணி நேரம் ஆகும்."

இரண்டு மாதத்தில் இது மூன்றாவது தடவை. பல்பினா முடிந்தவரை பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி ஆக்கினார். மீதி பன்றிக்குப் போனது. மூன்று மாடுகளை விடிவதற்கு முன் எழுந்து கறந்த அம்மா, பன்றித் தொட்டியில் பாலைக் கவிழ்க்கும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்த மௌனத்தைத்தான் நூபேவால் தாங்க முடியவில்லை. 'அந்த ஆலையில நானும்தான் வேலை பாக்குறேன். தாள்ல' என்று எண்ணினாள். போனை எடுத்து, மாடியில் கணினியைப் பார்த்துக்கொள்ளும் எஃப்ராயின் கிஸ்பியைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நூபே பேசுறேன்."

"எந்த நூபே?"

"மூணு நாள் வேலை பாத்த நூபே."

"அட, தாழ்வாரத்து நூபேயா! எங்க போயிட்ட தங்கச்சி? வேற பெரிய கம்பெனிக்குப் போயிட்டேன்னு நெனச்சேன்."

"உங்க கம்பெனியிலதான் அண்ணே இன்னும் இருக்கேன். அதை விடுங்க. இன்னைக்குக் கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சு?"

"என்னத்தைச் சொல்லும்? கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து. அந்தக் குவாயாகில் ஆளு போன்ல, என்ன தெரியுது படின்னான். படிச்சேன். அப்படி இருக்காதேன்னான். இங்கிலீஷை நான் நம்ம ஊருப் பேச்சு மாதிரி படிச்சா அவனுக்கு எங்க புரியும்? கீழ பம்பு சத்தம் வேற. ஒரு மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் கழுதைன்னு திட்டிக்கிட்டோம். அப்புறம் அவனே கெளம்பி வந்தான்."

"வந்து என்ன செஞ்சான்?"

எஃப்ராயின் பெருமூச்சு விட்டார். "ஒரே ஒரு பட்டனைத் தட்டினான்."

நூபே சிரிப்பை அடக்கிக்கொண்டு, தான் ஒன்றரை மாதமாகச் சமையலறை மேசையில் செய்து பார்த்துவைத்திருந்த பெட்டியைப் பற்றிச் சொன்னாள். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். கணினியிலிருந்து திரைக்குப் போகும் படத்தை ஒரு கம்பி வழியாக அது வாங்கிக்கொள்ளும். இன்னொரு கம்பி வழியாக, 'நான்தான் உன்னுடைய விசைப்பலகை, நான்தான் உன்னுடைய மவுஸ்' என்று கணினியிடம் சொல்லும். மூன்றாவது கம்பி ஆலைக்குள் ஓடும் நெட்வொர்க்கில் சேரும். அவ்வளவுதான். கீழே ஒரு மேசையில் உட்கார்ந்தவர் மாடித் திரையை அப்படியே பார்க்கலாம், விசையைத் தட்டலாம்.

"அதெல்லாம் ஆகாது தங்கச்சி. மெஷின் குடுத்தவன், இதுக்குள்ள ஒண்ணும் ஏத்தக் கூடாதுன்னு கை நீட்டிச் சொல்லிட்டுப் போயிருக்கான். ஏத்துனா கேரண்டி போச்சு."

"ஒண்ணுமே ஏத்த வேண்டாம் அண்ணே. அதுதான் இதுல விசேஷம். இது வெளியிலயே நிக்கும், உள்ள போகாது. கம்ப்யூட்டர் முழிக்கிறதுக்கு முன்னாடி வருது பாருங்க அந்த வெள்ளை எழுத்து, அதையும் காட்டும். தூரத்துல இருந்து பாக்குற மத்த வழியெல்லாம் கம்ப்யூட்டர் எந்திரிச்சு உக்காந்தாத்தான் வேலை செய்யும். படுத்துக் கெடந்தா இது ஒண்ணுதான்."

மறுநாளே எஃப்ராயின் இந்த யோசனையோடு ரோலாண்டோவின் அறைக்குப் போனார். ரோலாண்டோ பொறுமையாகக் கேட்டார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் ஒழுங்காப் போகுதுல்ல?"

"போகுது சார்."

"அப்புறம் என்ன?"

"வேலை கேக்குது சார்."

ரோலாண்டோவுக்கு இது புரியவில்லை. வேலை பார்க்காமல் சம்பளம் கேட்டவர்களை அவர் இருபது வருடமாகப் பார்த்திருக்கிறார். சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்ட ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறார். "இங்க வந்து விழுந்து கிழுந்து வெச்சா யார் பதில் சொல்றது? பாவம், அது நிம்மதியா இருக்கட்டும் எஃப்ராயின்," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அவரே நூபேவுக்குப் போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது. தொழிலாளர் துறையிலிருந்து நாளை ஆய்வுக்கு வருகிறார்கள், ஒரே ஒரு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும், வண்டி அனுப்புகிறேன் என்றார்.

நூபே போனாள். வரவேற்பறை ஓரத்தில் அவளுக்காக ஒரு புது மேசை போட்டிருந்தார்கள். மேசை மேல் ஒரு திரை, ஒரு விசைப்பலகை, ஒரு சின்னப் பூச்சாடி. கீழே குனிந்து பார்த்தாள். திரையின் கம்பி எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டிருந்தது. கணினியே இல்லை.

அந்தப் பக்கம் போன எஃப்ராயின் கண்ணைச் சிமிட்டினார். "என்ன தங்கச்சி, வேலையெல்லாம் எப்படி?"

"மூச்சு விட நேரமில்லை அண்ணே."

ஆய்வாளர் யதீரா மொன்தான்யோ பதினோரு மணிக்கு வந்தார். நடுத்தர வயது, பூட்ஸ் முழுக்கச் சேறு, காலையிலிருந்து இது மூன்றாவது ஆலை என்று முகமே சொல்லியது. தாள்களைப் புரட்டினார். நீலக் கையெழுத்து, கறுப்புக் கையெழுத்து, எல்லாம் சரியாக இருந்தன. ரோலாண்டோ பக்கத்திலேயே நின்று, "இவங்க நம்ம கம்ப்யூட்டர் பிரிவு மேடம், ரொம்பத் திறமைசாலி," என்றார். ஆய்வாளர் பேனாவை மூடப் போனவர், வெறும் வழக்கத்துக்காகத்தான் கேட்டார்.

"சந்தோஷமா இருக்கீங்களாம்மா? காலையில வந்தா முதல்ல என்ன வேலை?"

நூபே தொங்கிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்தாள். ஒரு பொய் சொன்னால் போதும். அந்தப் பொய்யில் அவள் வீட்டு அடுப்பு எரியும். அவளைப் போல வீட்டில் இருக்கும் இன்னும் இரண்டு பேருடைய அடுப்பும் எரியும். உண்மை சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் 'காலையில வந்தா' என்று அந்தப் பெண்மணி கேட்டது, பதினான்கு மாதமாக வராத அவளைக் குத்தியது.

"இந்தக் கையெழுத்தெல்லாம் என்னோடதுதான் மேடம்," என்றாள். "ஆனா நான் இங்க வேலை பாத்தது மூணே நாள். மீதியை எங்க வீட்டுச் சமையலறையில உக்காந்து போட்டேன். யாரும் கையைப் புடிச்சுப் போட வைக்கல. பொய்யில எனக்கும் பங்கு இருக்கு. எழுதுறதா இருந்தா என் பேரையும் சேத்து எழுதுங்க."

வரவேற்பறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது. ரோலாண்டோவின் முகம் வேகவைத்த பீட்ரூட் போல ஆனது.

ஆய்வாளர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அன்று காலையிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தார். "உங்களுக்கு என்ன வேணும்?"

"வேலை."

நூபே பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தாள். மாடியைக் காட்டி, பத்து நிமிடம் பேசினாள். ஆய்வாளருக்குக் கம்பிகளைப் பற்றி எவ்வளவு புரிந்ததோ தெரியாது, ஆனால் பேசும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் வந்த வெளிச்சம் நன்றாகப் புரிந்தது.

"அபராதம் இப்பவே எழுதலாம்," என்றார் ரோலாண்டோவிடம். "நீங்க கட்டிடுவீங்க, கதை முடிஞ்சுடும். அதனால எழுதல. நாற்பத்தஞ்சு நாள் தர்றேன். அதுக்கப்புறம் சொல்லாம வருவேன். அன்னைக்கு மூணு பேருக்கும் நிஜமான வேலை இருக்கணும். கழிப்பறைக் கதவையும் அளந்து பாப்பேன்."

நூபேவை வீட்டில் விடும் வண்டியை ரோலாண்டோவே ஓட்டினார். வாய் திறக்கக் கூடாது என்றுதான் ஏறினார். இரண்டாவது வளைவிலேயே வெடித்துவிட்டார்.

"பதினாலு மாசம் உக்கார வெச்சுச் சோறு போட்டேன். அதுக்கு இதுதான் கைம்மாறா?"

"சோறு போட்டீங்க சார். இல்லேன்னு சொல்லல," என்றாள் நூபே. "ஆனா உக்கார வெச்சுட்டீங்களே. நான் ஏற்கெனவே உக்காந்துதான் சார் இருக்கேன்."

வீட்டு வாசலில் ரோலாண்டோ நாற்காலியை இறக்கியபோது, அதை எங்கே பிடித்து விரிப்பது என்று தெரியாமல் தடுமாறினார். அவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

நாலு நாள் கழித்து, சேற்றில் வழுக்கிக்கொண்டே அவர் மறுபடி அந்த வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை ஒரு யோசனையோடு வந்திருந்தார். பல்பினா கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, உற்சாகமாக ஆரம்பித்தார்.

"நூபே, உன் பெட்டியைப் பத்தி விசாரிச்சேன். நல்ல சாமான்தான். ஆலையில மாட்டிடலாம். இனிமே நீ அலையவே வேண்டாம். வீட்டுல இருந்தே ஆலையைப் பாத்துக்கோ! சட்டத்துக்கும் ஆச்சு, உனக்கும் வேலை ஆச்சு."

"முடியும் சார். ஆனா வேண்டாம்."

"ஏன்?"

"ஆலைக் கம்ப்யூட்டரை ஊர் உலகத்து இன்டர்நெட்டுக்குத் திறந்து வெச்சா, நான் நுழையிற வாசல்ல திருடனும் நுழைவான். நமக்கு ஆலைக்குள்ள ஓடுற கம்பி மட்டும் போதும். அது ஒண்ணு. இன்னொண்ணு, எனக்கு இந்த வீடு போதும் போதும்னு ஆயிடுச்சு. அந்தப் பெட்டி எனக்காக முப்பத்தோரு படி ஏறித் தந்தா போதும் சார். மீதித் தூரத்தை நானே வந்துடுவேன்."

ரோலாண்டோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுப்படியிலிருந்து பல்பினாவின் குரல் வந்தது. மகளைத் திட்டப் போகிறார் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"பரீட்சைக்குப் போற காலத்துல விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுத் தலை பின்னிக்குவா சார். இந்தப் பதினாலு மாசமா அவ மத்தியானம் வரைக்கும் தலை சீவுறதே இல்லை. யாரு பாக்கப் போறாங்கன்னு கேக்குறா. நானும் மாதா குடுத்த சம்பளம்னு வாயை மூடிக்கிட்டேன். இந்த நாலு நாளா விடிகாலையில சீப்பு சத்தம் கேக்குது சார்."

ரோலாண்டோ காப்பியைக் கீழே வைத்தார். யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் அவருக்குள் எழுந்து நின்றது. பதினெட்டு வருடத்துக்கு முன் அவர் வேறொரு தொழிற்சாலையில் இருந்தார். புது முதலாளிகளுக்கு அவரைப் பிடிக்கவில்லை. வெளியேற்றினால் நஷ்டஈடு தர வேண்டும் என்பதால், ஒரு அறையும் ஒரு மேசையும் கொடுத்து, வேலை மட்டும் கொடுக்காமல் வைத்தார்கள். ஐந்து மாதம். ஒரே செய்தித்தாளை மூன்று தடவை படித்தார். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முகம் மழித்தார், பிறகு வாரத்துக்கு ஒரு நாள். நடந்து போகும்போது பழைய நண்பர்கள் அவரைக் கண்ணாடியைப் பார்ப்பது போல ஊடுருவிப் பார்த்துக்கொண்டு போனார்கள். கடைசியில் தானாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அந்த ஐந்து மாதமும் சம்பளம் ஒரு நாள்கூடத் தாமதமானதில்லை.

தனக்கு அவர்கள் செய்ததை இந்தப் பெண்ணுக்குத் தான் செய்துகொண்டிருந்தது, அதுவும் அன்பாகச் சிரித்துக்கொண்டே செய்தது, அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு வண்டி வரும்," என்றார். "கழிப்பறைக் கதவு எத்தனை அகலம் வேணும்? அளந்து சொல்லும்மா."

வேலை தொடங்கியது. கொத்தனார் வந்து வாசலில் சரிவுப் பாதை போட்டார். கதவை இடித்து அகலப்படுத்தினார்கள். கீழே, இயந்திரக் கூடத்தைப் பார்க்கும் ஜன்னலோரமாக நூபேவுக்கு ஒரு மேசை கிடைத்தது. இந்தத் தடவை திரையின் கம்பி கணினியில் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து இன்னொரு கம்பி சுவரோரமாக, இரும்புப் படிகளின் பக்கத்திலேயே ஏறி மாடிக்குப் போனது.

பெட்டியை மாட்டிய அன்று எஃப்ராயின் மாடியில் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். மவுஸ் அசையாமல் கிடக்க, திரையில் அம்பு மட்டும் தானாக நகர்ந்தது. அவர் ரொட்டியோடு எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்து திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன: 'பயப்படாதீங்க அண்ணே, நான்தான்.'

"உசிரே போச்சு, பாவிப் பொண்ணே!" என்று மேலிருந்து கத்தினார். சிரித்தாலும் அவர் மனத்தில் ஒரு கலக்கம் இருந்தது. மத்தியானம் இறங்கி வந்து அவள் மேசை ஓரத்தில் நின்றார். "தங்கச்சி, நேராவே கேக்குறேன். கீழ இருந்தே எல்லாத்தையும் நீ பாத்துக்கிட்டா, மேல நான் எதுக்கு? என்னையும் வீட்டுல உக்கார வெச்சுட மாட்டாங்களே?"

"நான் அதுக்கா அண்ணே வந்தேன்?" என்றாள் நூபே. "எனக்குத் திரை மட்டும்தான் தெரியும். குழாய் நடுங்குறதும் வால்வு ஒழுகுறதும் உங்க கண்ணுக்கும் காதுக்கும்தான் தெரியும். நாளைக்கு உங்க பக்கத்துல ஒரு சுவிட்ச் வெச்சுத் தர்றேன். நீங்க அதை அமுத்தினா என் கை அறுந்துடும், நான் பாக்க மட்டும்தான் முடியும். உங்க சம்மதம் இல்லாம நான் எதையும் தொட மாட்டேன்."

மறுநாள் சுவிட்ச் வந்தது. எஃப்ராயின் அதன் மேல் சிவப்புப் பேனாவால் 'தங்கச்சி' என்று எழுதி ஒட்டினார்.

ஆய்வாளர் சொன்னபடியே சொல்லாமல் வந்தார். அளவு நாடாவும் கொண்டுவந்திருந்தார். கதவை அளந்தார், மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தார், கம்பி எங்கே போகிறது என்று தன் விரலாலேயே தொடர்ந்து பார்த்தார். பிறகு காப்பி குடித்துவிட்டுப் போனார்.

கார்னிவல் திருவிழா விடுமுறைக்கு மறுநாள் காலை மின்சாரம் போய் வந்தது. மாடிக் கணினி எழுந்திருக்கவில்லை. வாசலில் ஏழு பால் வண்டிகள் நின்றன. பழைய நாளாக இருந்தால் குவாயாகிலுக்குப் போன் போயிருக்கும்.

"நூபே, மறுபடி அந்தக் கறுப்புத் திரை!" என்று எஃப்ராயின் மேலிருந்து குரல் கொடுத்தார்.

"தெரியுது அண்ணே. படிக்க வேண்டாம், தயவு செஞ்சு படிக்க வேண்டாம்!"

கீழே கூடத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நூபே வெள்ளை எழுத்துகளை வரிவரியாகப் படித்தாள். தேதியையும் நேரத்தையும் மறந்துவிட்ட கணினி, அவற்றைச் சொல்லச் சொல்லி ஒரு விசைக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அவள் சொன்னாள். கணினி எழுந்தது. "உள்ள ஒரு சின்ன பேட்டரி செத்துப் போச்சு அண்ணே, வட்டமா காசு மாதிரி இருக்கும். மத்தியானம் மாத்திடுங்க. இனிமே இந்தத் தொல்லையே வராது," என்றாள். பன்னிரண்டு நிமிடத்தில் பம்புகள் ஓடின. ஏழு வண்டிகளும் பாலை இறக்கின. அன்று யாரும் கைதட்டவில்லை, மாலை போடவில்லை. ஒரு வேலை சரியாக நடந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நூபேவுக்கு அதுதான் பிடித்திருந்தது. மாலையில் வீட்டுக்குப் போனதும், "இன்னைக்கு உன் பாலு எத்தனையாவது வண்டியில வந்துச்சு தெரியுமா?" என்று அம்மாவிடம் ஆரம்பித்தவள், சோறு ஆறிப்போகும் வரை பேசினாள். பல்பினா அலுக்காமல் கேட்டார்.

தாளில் இருந்த மற்ற இரண்டு பேரும் ஆய்வாளர் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். காது கேளாத செகுந்தோ பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போனார். அங்கே இருந்த இரைச்சல் அவர் ஒருவரைத்தான் தொந்தரவு செய்யவில்லை. ஒரு கை இல்லாத மெர்செதீத்தா பால் மாதிரிகளைச் சோதிக்கும் அறையில் சேர்ந்தாள். மெர்செதீத்தாவின் வாய் ஓயாது என்பதும், செகுந்தோ அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார் என்பதும், மத்தியானச் சாப்பாட்டில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைக்கப் போதுமான காரணமாக ஆனது.

அந்த வருடக் கடைசியில் பக்கத்து ஊர் ஆஸோகெஸிலிருந்து ஒரு கூரை ஓட்டுத் தொழிற்சாலை மேலாளர் ரோலாண்டோவைப் பார்க்க வந்தார். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எங்கிட்டயும் நாலு பேரு இருக்காங்க, ரோலாண்டோ. வீட்டுலதான். சம்பளம் கரெக்டா போயிடுது, ஒரு குறையும் வெக்கல. இப்ப ஆய்வுக்காரங்க தொல்லை ஜாஸ்தியா இருக்கு. மாட்டிக்காம எப்படிச் சமாளிக்கிறதுன்னு நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

முன்பிருந்த ரோலாண்டோவாக இருந்தால் ஒரு வழி சொல்லியிருப்பார். இப்போது அவர் எழுந்து போய்ச் சாத்திய கதவைத் திறந்து வைத்தார். வெளியே எஃப்ராயினும் நூபேயும் மாடிக்கும் தரைக்குமாக ஒருவரையொருவர் சத்தம் போட்டுக் கிண்டல் செய்துகொண்டிருந்தது உள்ளே கேட்டது.

"நானும் உங்களை மாதிரிதான் நெனச்சேன்," என்றார். "சம்பளம் குடுத்துட்டா நம்ம கடமை தீந்துச்சு, அது பெரிய தருமம்னு. இல்லைங்க. ஒரு மனுஷனை வேலைக்கு எடுத்துட்டு, வீட்டுல உக்காருன்னு சொல்றது, நீ எதுக்கும் லாயக்கில்லைன்னு மாசா மாசம் அவங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது. காசு குடுத்துச் சொன்னா அது தருமம் ஆயிடாது. அவங்க நம்மகிட்ட கேக்கிறது இரக்கம் இல்லை, இடம். படி ஏற முடியலைன்னா படிக்கு என்ன செய்யலாம்னு யோசிக்கணும். ஆளை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. இதுல வெக்கக்கேடு என்ன தெரியுமா? இதை யோசிக்கிறதுக்குப் பதினாலு மாசமும் ஒரு ஆய்வாளரும் எனக்குத் தேவைப்பட்டுச்சு. ஒரு நாள் போய், 'உனக்கு என்ன வேணும்'னு அந்தப் பொண்ணுகிட்டயே கேட்டிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

வந்தவர் காப்பியைக் குடித்து முடித்தார். எழுந்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தவர், வாசல்படியில் நின்று திரும்பினார்.

"அந்தச் சரிவுப் பாதை போட்ட கொத்தனார் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்.